ரெண்டு பட்டை குறைவு

இதை நான் நேரில் பார்க்கவில்லை. என் அறை நண்பன் சொன்னது. பள்ளிக்கூட வேன் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவன் வேலை பார்த்தபோது நடந்ததாம்.

வேனின் பின்பக்கத்தைத் தாங்குவது பட்டை ஸ்பிரிங். வளைந்த எஃகுப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இறுக்கியிருப்பார்கள். பழைய வேனில் ஏழு பட்டை. புது மாடலில் டிசைனர் ஐந்துதான் போட்டிருந்தார்.

விற்ற வேன்கள் வரிசையாகப் பின்பக்கம் தொங்கிப்போய்த் திரும்பி வந்தன.

முதலாளி அறையில் டிசைனரிடம் விசாரணை. டிராயிங் கட்டோடு நண்பனும் ஓரமாக நின்றிருந்தான். முதலில் வாயைத் திறந்தவர் பர்ச்சேஸ் மேனேஜர். டிசைனரின் அக்கா புருஷன்.

"ஸ்பிரிங் சப்ளை பண்றவன் இவன்கூடப் படிச்சவன் சார். ரெண்டு பட்டை இரும்பை ரெண்டு பேருமா முழுங்கிட்டாங்க."

"அவன்கிட்ட கொட்டேஷன் வாங்கினது, ஆர்டர் போட்டது எல்லாம் நீங்கதானே மாமா?"

"ஆபீஸ்ல மாமான்னு கூப்பிடாதே!"

"சரி சார். அப்ப முழுங்கின இரும்பு உங்க வயித்துலயும் கொஞ்சம் இருக்கணுமே சார்."

முதலாளி மேசையைத் தட்டினார். "உங்க குடும்பச் சண்டையை வீட்டுல வெச்சுக்கோங்க. வண்டி ஏன் தொங்குது, அதைச் சொல்லு."

"எத்தனை பிள்ளைங்களை ஏத்தினாங்கன்னு கேட்டீங்களா சார்?"

"இருபத்தாறு."

"சீட்டு பதினாலுதான் சார்."

"எவன்யா இந்தக் காலத்துல பதினாலு பேரை ஏத்துறான்?"

டிசைனர் சொன்னார்:

"ஏழு பட்டை போட்டா, இருபத்தாறு பேரை அடைச்சாலும் வண்டி நிமிர்ந்து நிக்கும். பாக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா பிரேக்கு பதினாலு பேருக்குப் போட்டது சார். பெரிய பிரேக்கு கேட்டேன், செலவுன்னு நீங்கதான் வேணாம்னீங்க. இப்ப வண்டி தொங்குதில்ல? பெத்தவங்க கண்ணுல படும். ஓட்டறவனும் பயப்படுவான். அதுக்குத்தான் குறைச்சேன்."

 

"பெரிய மகான் பாரு!" என்றார் முதலாளி. "திங்கக்கிழமை ஏழு பட்டை டிராயிங் என் மேசையில இருக்கணும். இல்லேன்னா உன் நாற்காலியில வேற ஆள் இருப்பான்."

மேனேஜர் குரலைத் தணித்தார். "டேய், உன் வேலை போச்சுன்னா உங்க அக்காவுக்கு நான் என்னடா பதில் சொல்றது? பேசாம போட்டுக் குடுத்துடு."

டிசைனர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"அந்த வாரமே எனக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சு வந்துட்டேன்" என்றான் நண்பன். "அப்புறம் என்ன ஆச்சோ தெரியாது. ஆனா மனுஷன்னா அவர்டா! நீயும் டிசைன் வேலைக்குத்தானே போகப்போறே? அப்படி இருக்கணும்."

அவர் நினைப்பாகவே இருந்தது எனக்கு. சென்ற மாதம் அதே கம்பெனியில் ஆள் எடுப்பதாகத் தெரிந்ததும், விண்ணப்பிக்கும் முன் விசாரித்துப் பார்த்தேன்.

அவர் அங்கேதான் இருக்கிறார். இப்போது தலைமை டிசைனர். வேனில் ஏழு பட்டை. பிரேக் அதே பழையதுதான். ஒரு வேன்கூடத் தொங்குவதில்லையாம். அவர் மகள் படிக்கும் பள்ளியும் இரண்டு வேன் வாங்கியிருக்கிறது.

மகளை மட்டும் அவர் தினமும் பைக்கில் கொண்டுபோய் விடுகிறார்.