மொட்டை டயர்

"பின்னாடி உக்காந்திருக்கிறவங்க கீழ விழுந்தா, பிழைக்க வழி உண்டாங்க?"

கேட்ட ஆளை ப்ரீடா நிமிர்ந்து பார்த்தாள். டயர் வாங்க வருகிறவர்கள் மழையில் பிடிக்குமா, எவ்வளவு நாள் உழைக்கும், விலையைக் கொஞ்சம் பார்த்துப் போடக் கூடாதா என்றெல்லாம் கேட்பார்கள். இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

உள்ளே நுழைந்தபோதே அவன்மேல் அவளுக்கு எரிச்சல். "டயர்காரர் இல்லையாங்க?" என்று அவள் தோளுக்கு மேலாகக் கடையை எட்டிப் பார்த்தான். "நான்தான் டயர்காரர்" என்றதும் அசடு வழிந்தான். கென்மேர் ஊரில் அவள் கடை வைத்த நாளிலிருந்து இதே கேள்வி, இதே அசடு. ஆம்பளைக்குத்தான் டயர் தெரியும் என்று எந்த மகராசன் எழுதி வைத்தானோ!

பெயர் ஃபின்டனாம். வாசலில் நனைந்துகொண்டிருக்கும் சிவப்பு பைக்குக்குப் பின் டயர் மாற்ற வேண்டுமாம். மனைவி ஓர்லா எதிர்க் கடையில் டீ குடிக்கிறாளாம். இன்றைக்கே இருவரும் ஹீலி கணவாய் ஏறி, அந்தப் பக்கத்துக் கடலைப் பார்க்கப் போகிறார்களாம்.

ப்ரீடா வெளியே போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். டயர் சுத்த மொட்டை. விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு போனது.

"முன்னாடி இருக்கிறவங்களுக்குப் பிடிச்சுக்கக் கைப்பிடி இருக்கு. பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கடவுள்தான்," என்றாள்.

ஃபின்டனின் முகம் வெளுத்தது. அவசரமாகச் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

"அந்தக் கணவாய்ல, பள்ளத்துப் பக்கம் தடுப்பு உண்டா?"

"சில இடத்துல உண்டு. சில இடத்துல ஆடுதான் நிக்கும்."

"கீழே விழுந்தா வெளியே தெரிய நேரமாகுமோ?"

"மழைன்னா அந்தப் பக்கம் ஈ காக்கா வராது. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்." அவன் தலைக்கவசத்தைக் கைகளுக்குள் உருட்டினான். "இன்சூரன்ஸ், பின்னாடி உக்காந்திருக்கிறவங்களுக்கும் பணம் தருவாங்கதானே?"

ப்ரீடாவின் தங்கை, நெல் என்பவள், செத்துப் போனதும் இப்படித்தான். இதே மாதிரி மழை, இதே மாதிரி மொட்டை டயர். அவளைக் கட்டியவன் முழங்கைச் சிராய்ப்போடு எழுந்து வந்தான். அடுத்த வருஷமே புது மாப்பிள்ளையும் ஆனான். விபத்து என்று ஊர் சொன்னது. ப்ரீடா இன்றுவரை நம்பவில்லை.

அவனை மேலும் கீழும் அளந்தாள். பைக் ஓட்டுகிறவர்களின் இடது பூட்ஸில், கியர் உரசி உரசி மேல் தோல் கறுத்துத் தேய்ந்திருக்கும். இவன் பூட்ஸ் அடி தேய்ந்த பழைய பூட்ஸ்தான். ஆனால் மேலே ஒரு கீறல் இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. பாலிஷ் போட்டே எதையும் மறைத்துவிடும் ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

"சரி, டயரை எடுக்கறேன். அரை மணி நேரம் ஆகும்."

"இல்லைங்க, ஒரு நிமிஷம்." ஃபின்டன் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "டயர் இல்லைன்னு ஓர்லாகிட்ட சொல்லிடறீங்களா? இந்த அளவு வர ஒரு வாரம் ஆகும்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா என்னைக் கொன்னே போட்டுடுவா."

யார் யாரைக் கொல்வது! மொட்டை டயரோடு மலை ஏற்றப் பார்க்கிறான், அதற்குத் தன்னையும் கூட்டுச் சேர்க்கிறான். நெல்லுக்கு அன்று சொல்ல ஆளில்லை. இந்தப் பெண்ணுக்காவது ஒருத்தி இருக்கட்டும்.

கதவு மணி கிணுகிணுத்தது. சொட்டச் சொட்ட நனைந்த மழைக்கோட்டோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். சிரித்த முகம்.

"என்னப்பா, டயர் போட்டாச்சா?"

ப்ரீடா வாயைத் திறப்பதற்குள் ஃபின்டன் முந்திக்கொண்டான். "இல்லையாம் ஓர்லா. இந்த அளவுல ஸ்டாக்கே இல்லையாம். நான் என்ன பண்றது, சொல்லு?"

"பொய்!" என்றாள் ப்ரீடா. "ரெண்டு டயர் இருக்கு."

கல்லாவைச் சுற்றி வந்து ஓர்லாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் குரல் உடைந்தது.

"உன்னைப் பார்த்தா என் தங்கச்சி மாதிரி இருக்கும்மா, அதனால சொல்றேன். பின்னாடி உக்காந்தவங்க விழுந்தா பிழைப்பாங்களான்னு கேக்கறாரு. பணம் வருமான்னு கேக்கறாரு. பள்ளத்துல தடுப்பு இருக்கான்னு கேக்கறாரு. இப்ப டயரே இல்லைன்னு உன்கிட்ட சொல்லச் சொல்றாரு. இந்த ஆளை நம்பிப் பின்னாடி ஏறாதே. பஸ்ஸைப் பிடிச்சு வீடு போய்ச் சேரு."

ஃபின்டன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். ஓர்லா அவனைப் பார்த்தாள், ப்ரீடாவைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, இவருக்கு வண்டி ஓட்டவே தெரியாதே!"