பாட்டுக்கு அடியில் ஒரு சத்தம்

குடிநீர் வாரிய அதிகாரிக்கு மூக்குக்கு மேல் கோபம். ஊரெல்லாம் முணுமுணுக்கும் ராப் பாட்டு அவரைத்தான் கிழிகிழியென்று கிழித்தது.

“குழாயில காத்து, பைப்புல தூசு, ஐயா வாயில வெறும் பேச்சு!”

“எவன் பாடினான்? இப்பவே தெரியணும்!”

வரவழைக்கப்பட்ட ஒலிப்பதிவாளர் உதட்டைப் பிதுக்கினார். “குரலை மெஷின்ல மாத்தியிருக்காங்க சார், கண்டுபிடிக்க முடியாது. ஆனா பீட்டு பிரமாதம்! டிரம்முனு நெனச்சேன். தனியாப் பிரிச்சா, யாரோ விடுற குறட்டை!”

அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது.

“எந்தக் கும்பகர்ணன்யா அது?” என்று அதிகாரியும் சிரித்தார்.

“நடுவுல தூக்கத்துல உளறவும் செய்யறாரு சார்.” ஒலிப்பதிவாளர் பொத்தானை அழுத்தினார்.

கொர்ர்ர்... கொர்ர்ர்... “ஃபைலை அங்க வைய்யா... நாளைக்குப் பார்க்கலாம்...” கொர்ர்ர்...

அத்தனை பேரும் குனிந்து ஃபைல் பார்க்கத் தொடங்கினார்கள். தினமும் கேட்கிற குரல் அல்லவா!

அதிகாரி நேரே வீட்டுக்குப் போனார். மனைவி காலி வாளியில் தாளம் தட்டிக்கொண்டிருந்தாள்.

“தாயே, நம்ம தெருவுக்கு நாளைக்கே தண்ணி விட்டுடறேன். போதுமா?”

அவள் போனை அவர் வாயருகே நீட்டினாள்.

“இன்னொரு தடவை சொல்லுங்க. அடுத்த பாட்டுக்குப் பல்லவி வேணும்.”