ஓரமாக நிற்கும் வண்டி

இணைய வயரைப் பிடுங்கிவிட்டுத் திறந்தால்தான் கணினியில் அந்தப் பக்கம் வரும்.

வயர் இருந்தால், 'இந்த வாகனம் பதிவில் இல்லை' என்று சொல்லிவிடும். முதலாளி வண்டியை விற்று ஆறு மாதமாகிறது. வயர் இல்லையென்றால், கணினி தன்னிடம் சேர்த்து வைத்திருக்கும் வண்டி நின்ற இடம் குறித்த பழைய வரைபடத்தைக் காட்டும்.

நாமக்கல் லாரி ஆபீசில் ரஞ்சனியின் காலை அதைப் பார்த்த பிறகுதான் தொடங்கும். நாக்பூருக்கு இந்தப் பக்கம், நெடுஞ்சாலையை விட்டுச் சற்று இறங்கி, ஒரு சின்ன லாரி.

அந்த நேரத்துக்குச் சரியாகப் பக்கத்து டீக்கடை வசந்தாமணி வருவாள். டம்ளரை வைத்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"மயில்சாமி வண்டி எங்க நிக்குது சாமி?"

"நாக்பூர்லதானுங்க அக்கா."

"நல்லா ஓரமா நிக்குதா?"

"ஓரமாத்தானுங்க நிக்குது."

அந்த அம்மாவுக்கு மறதி என்று டிரைவர்கள் சொல்வார்கள். ரஞ்சனி ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

இன்று பில் போடும் பக்கம் திறக்கவே இல்லை. தேங்கிக் கிடக்கும் தற்காலிகக் கோப்புகளை மொத்தமாக அழித்தால்தான் திறக்கும் என்று கணினி பழுது பார்ப்பவர் போனில் சொல்லிவிட்டார்.

மொத்தமாக. அந்த வரைபடத்தையும் சேர்த்து.

வாசலில் ஜவ்வரிசி மூட்டைகளோடு செல்லமுத்துவின் லாரி நின்றது.

"நீங்க பில்லு போடறதுக்குள்ள ஜவ்வரிசி மொளச்சிரும் போல இருக்குதுங்க அம்மிணி" என்று சிரித்தார் அவர். வெள்ளிக்கிழமை அவர் மகளுக்குக் காது குத்து. அதற்குள் சரக்கை இறக்கிவிட்டு ஊர் திரும்ப வேண்டும்.

ரஞ்சனி குலசாமியை நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

பில் வந்தது. செல்லமுத்து கும்பிட்டுவிட்டுப் போனார்.

வண்டிச் சத்தம் தேய்ந்ததும், வயரைப் பிடுங்கிவிட்டுத் திறந்து பார்த்தாள். சாலையும் இல்லை, ஊரும் இல்லை. வெறும் வெள்ளைத் திரை.

நிமிர்ந்தபோது வசந்தாமணி டம்ளரோடு நின்றிருந்தாள்.

"அழிச்சுப்போட்டனுங்க அக்கா."

வசந்தாமணி திரையைப் பார்க்கவில்லை. தேநீரை மேசையில் வைத்துவிட்டு, ரஞ்சனியின் தலைமேல் கையை வைத்தாள்.

"நெஞ்சு வலி வந்தப்பக்கூட, இன்னொருத்தரு மேல மோதிடக் கூடாதுன்னு ஓரங்கட்டி நிறுத்திப்போட்டுத்தானே உன்ற ஊட்டுக்காரன் கண்ண மூடுனான். அது எங்க சாமி அழியும்?"

ரஞ்சனி வயரைத் திரும்பச் செருகினாள்.

"நாளைக்கும் கேக்கறேன். நீ பாக்காமயே சொல்லு."