ஃபேஸ் பேக் காயும் வரை

“பேரென்னம்மா?” நாற்காலியைத் திருப்பியபடி அந்தப் பெண்ணிடம் கேட்டாள் பியூட்டிஷியன்.

“அவ வாயே திறக்க மாட்டா, கூச்ச சுபாவம். நான் அவளோட பெரியம்மா,” என்றாள் கூட வந்தவள். “சாயங்காலம் வேலை விஷயமா ஒரு பெரிய மனுஷரைப் பாக்கணும். பளிச்சுனு பண்ணிவிடுங்க. பதினெட்டு முடிஞ்சிருச்சு.”

வயதை யாரும் கேட்கவில்லை.

“எங்க தங்கியிருக்கீங்க?”

பெண் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

“இங்கதான், பக்கத்துல,” என்றாள் பெரியம்மா. அவள் கைப்பைக்குள் ஒரு போன் அடித்தது. பெண் சட்டென்று கை நீட்டினாள். பெரியம்மா போனை அணைத்துப் பைக்குள்ளேயே போட்டாள்.

பியூட்டிஷியன் சிரித்தாள். “உங்க முகந்தான்க்கா ரொம்ப வாடியிருக்கு. முதல் தடவை வர்றவங்களுக்கு ஃபேஸ் பேக் இலவசம். உக்காருங்க.”

இலவசம் என்றதும் பெரியம்மா மறுக்கவில்லை.

பேக்கைப் பூசி, கண்களின்மேல் வெள்ளரித் துண்டுகளை வைத்தாள் பியூட்டிஷியன். “காயற வரைக்கும் பேசக் கூடாது, கண்ணைத் திறக்கக் கூடாது. சுருக்கம் விழுந்துடும். நான் அதுக்குள்ள பொண்ணுக்குத் தலையை அலசிக் காய வெச்சிடறேன்.”

டிரையர் இரைந்தது. பெரியம்மாவுக்குச் சுகமாகக் கண்ணை அசத்தியது.

இரைச்சல் நின்றது. ஈரத்துணி முகத்தைத் துடைத்தது. பெரியம்மா கண்ணைத் திறந்தாள். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. வாசலில் அந்தப் பெண்ணின் தோளை அணைத்தபடி, சீருடையில் ஒரு இன்ஸ்பெக்டர் அம்மா நின்றிருந்தார்.

“இப்ப நீங்க பேசலாம்க்கா,” என்றாள் பியூட்டிஷியன். “அவ பேசி முடிச்சிட்டா.”