பழைய சிஸ்டமே போதும்

"ஏம்மா சிந்து, நல்லா ஓடிக்கிட்டிருந்ததை எதுக்கு நோண்டுனே?" என்றார் தண்டாயுதபாணி.

காரைக்குடியில் டைல்ஸ் ஏற்றுமதி செய்யும் கம்பெனியின் மேனேஜர் அவர். சிந்து அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்பவள். பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் வருவது நின்றுபோயிருந்தது. ஆறு மாதம் புது சிஸ்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து, அசராமல் ஓடும் என்று தோன்றிய ஒன்றை நாற்பத்திரண்டு கம்ப்யூட்டரிலும் போட்டிருந்தாள். ஐகான்கள்கூடப் பழைய இடத்திலேயேதான் இருந்தன.

ஒரே வாரத்தில் அறுபத்தேழு புகார். மெதுவாக ஓடுகிறதாம், பிரிண்டர் முறைக்கிறதாம், மவுஸ் சொன்ன பேச்சுக் கேட்பதில்லையாம். பில்லிங் பெத்தனின் கழுத்து வலப்பக்கம் திரும்ப மறுத்தது. பஸ்ஸில்கூட இடது ஜன்னலோரம் பார்த்துத்தான் உட்கார்ந்தான். சிந்து போய்ப் பார்க்கும்போது மட்டும் எல்லாம் ஒழுங்காக ஓடியது.

"ஏத்தா, போட்டவொடனே நீலமா ஒரு மலை வருது. அதைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா வேலை ஓடுமா?" என்று கேட்டாள் ஸ்டோர்ஸ் நாகவல்லி. அவளுக்குச் சர்வீஸ் இருபத்தாறு வருடம்.

"திங்கக்கிழமைக்குள்ள சரி பண்ணு. இல்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்று முடித்துவிட்டார் தண்டாயுதபாணி.

ஞாயிற்றுக்கிழமை சிந்து தனியாக ஆபீசுக்கு வந்தாள். நாற்பத்திரண்டையும் முடித்துவிட்டுப் பதினோரு மணி டீக்கு வீட்டில் இருந்தாள்.

திங்கட்கிழமை ஒரு புகார்கூட இல்லை. பில்கள் பறந்தன. பெத்தனின் கழுத்து இரண்டு பக்கமும் திரும்பியது. இப்போதுதான் கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராக இருக்கிறது என்றாள் நாகவல்லி. அடுத்த மாதம் ஊரில் பல ஆபீஸ்களை ஒரு வைரஸ் முடக்கிப்போட்டது. இங்கே மட்டும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

தண்டாயுதபாணிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா, பழசு பழசுதான். தேவகோட்டைக் கிளையிலயும் உன் புதுசைப் போட்டுட்டு ஒரே புலம்பல். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை இங்க என்னத்தப் போட்டியோ, அதையே அங்குட்டும் அனுப்பிவிடு."

சிந்து தலையாட்டிவிட்டு, அவர் எதிரிலேயே மின்னஞ்சலில் அனுப்பிவைத்தாள்.

தேவகோட்டையில் கம்ப்யூட்டர் பார்க்கும் இளமாறன் அதைத் திறந்தான். பழைய சிஸ்டமும் இல்லை, புது சிஸ்டமும் இல்லை. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வாகாக, திரை அளவுக்கு ஒரு பிள்ளையார் படம் மட்டும் இருந்தது.