சலித்த மணல்

"வீட்டுல பூனை வளக்கறீங்களா?" என்று கேட்டார் கண் டாக்டரம்மா.

சித்தாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாங்களே தகரக் கொட்டாய்க்குள்ள ஒண்டிக்கிட்டுக் கெடக்கோம். இதுல பூனை வேறயா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவள் மடியில் கிடந்த ஐந்து வயது மகளின் இடது இமையை மறுபடி விரித்து விளக்கடித்துப் பார்த்தார்.

சித்தாள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். கட்டட வேலையைப் போட்டது போட்டபடி விட்டு வந்து நாலு மணி நேரம். பால் கட்டி மார் கனத்து மேல்துணி நனையத் தொடங்கியிருந்தது. இழுத்து மூடிக்கொண்டாள்.

"பூனை வயித்துல இருக்கற புழும்மா இது. மண்ணுல அது பேண்டு வச்சா அதுல முட்டை கெடக்கும். கண்ணுக்குத் தெரியாது. கை வழியா வாய்க்குப் போயி, புழுவாகி, கண்ணு வரைக்கும் ஏறியிருக்கு."

போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். குழந்தை எங்கே விளையாடும் என்றும் கேட்டார்.



கட்டடத்தில் பிள்ளையை விட இடமா இருக்கிறது? இந்தப் பக்கம் கம்பி, அந்தப் பக்கம் குழி. சிமெண்டு பட்டால் தோல் வெந்துபோகும். சுற்றிச் சுற்றிப் பார்த்து அவள் பிடித்த இடம்தான் மணல் குவியல்.

அதிலும் சும்மா விடமாட்டாள். தெருப்பூனைகள் அத்தனைக்கும் அந்த மணல்தான் கக்கூஸ். காலையில் வந்ததும் சல்லடையைச் சாய்த்து நிறுத்தி மணலை வீசுவாள். வலையில் தங்கும் காய்ந்த உருண்டைகளை, பூனைகளின் பரம்பரையையே திட்டிக்கொண்டு பொறுக்கி எறிவாள். சில கையிலேயே பொடிந்து உதிரும்.

கீழே விழுவது மாவு மாதிரி இருக்கும். முதல் இரண்டு சட்டி மகளுக்கு. அப்புறம்தான் கொத்தனாருக்கு.

"பூச்சு வேலைக்குக்கூட எனக்கு இவ்வளவு நைசா சலிச்சுத் தரமாட்டேங்கறா" என்று கொத்தனார் கேலி பேசுவார். அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

"சலிச்ச மணலும்மா" என்றாள். "நானே சலிச்சது."

"அந்த முட்டை எந்தச் சல்லடையிலயும் நிக்காதும்மா."

மகளை வாரி இடுப்பில் வைத்தாள். மருந்துச் சீட்டு மேசையிலேயே கிடந்தது. வாசலுக்கு வந்து கொத்தனாருக்குப் போன் போட்டாள். அவசரத்தில் இரண்டு முறை யாருக்கோ போய்விட்டது.

மூன்றாவது முறை அவர் எடுத்தார். இவள் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

"பதறாத தாயி. சின்னவன் அழவே இல்ல. காலையில நீ சலிச்சுப் போட்டு உக்கார வச்சுட்டுப் போனியே, அதுலயே சமத்தா இருக்கான். வாய் நெறைய மண்ணு."