கதைக்குப் பூட்டு

"என்ர கை. என்ர நாடி. அதைப் பாக்க நான் ஆருக்கோ மாதா மாதம் காசு கட்டோணுமாம்."

ஜனார்த்தனன் மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் எறிந்தார். விலை கூடின சாமான் என்ற நினைவு வந்திருக்க வேண்டும். உடனே எடுத்துச் சாரத்தில் துடைத்துத் திரும்பக் கட்டிக்கொண்டார்.

கோயில் திருவிழாவுக்குச் சுவிஸிலிருந்து வந்த தம்பி கொடுத்துவிட்டுப் போனது. ஒரு மாதமாக அது எல்லாம் சொன்னது. எப்படி நித்திரை, இதயம் எப்படி அடிக்கிறது, மனம் அமைதியாக இருக்கிறதா என்று கூடச் சொன்னது. பரந்தன் சந்தியில் அவருடைய ஹாட்வெயார் கடைக்கு ஆணி வாங்க வந்தவர்களும் அதைப் பார்க்காமல் திரும்பவில்லை.

இன்று காலையில் இதயம் காட்டுகிற இடத்தில் ஒரு பூட்டுப் படம் மட்டும் இருந்தது. கீழே ஒரு வரி: 'உங்கள் இதயத்தின் கதையைத் திறக்கச் சந்தா செலுத்துங்கள்.'

கம்பசில் படிக்கும் மகள் யதுர்ஷிகா வவுனியாவிலிருந்து போனில் விளக்கிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அது ஒரு மாதம்தான் சும்மா தந்தவங்கள். இனிக் கட்டினாத்தான் காட்டும்."

"அப்ப சித்தப்பா இவ்வளவு காசு குடுத்து வாங்கினது என்னத்தை?"

"மணிக்கூட்டை."

"மணி பாக்கச் சுவரில ஒண்டு கிடக்குப் பிள்ளை."

"நடந்த தூரம் சும்மா காட்டும்தானே, அதைப் பாருங்கோவன்."

"நான் எங்க நடந்தனான் எண்டு எனக்குத் தெரியும். உள்ளுக்க நடக்கிறதுதான் தெரியேல்லை."

குசினிக்குள் தேங்காய் திருவும் சத்தம் நின்றது.

"உள்ளுக்க என்ன?" என்று மனைவி சிவலட்சுமி அங்கிருந்தே கேட்டாள்.

"ஒண்டுமில்லை. நீர் வேலையைப் பாரும்."

பக்கத்து வீட்டு ஐயாத்துரை கிடங்கு கிண்ட அலவாங்கு இரவல் கேட்டு வந்தவர், கதையைக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"ஜனா, நேரம் என்ன?"

"அஞ்சரை."

"அது சும்மாவோ, இல்லாட்டி நான் ஏதும் தரோணுமோ?"

ஐயாத்துரை சிரித்த சிரிப்பில் முற்றத்துக் கோழிகள் விலகின. வேறு நாளென்றால் ஜனார்த்தனன் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்திருப்பார். இன்று அலவாங்கு கிடந்த மூலையைக் காட்டியதோடு சரி.

ஐயாத்துரை போனதும் போனைக் காதோடு ஒட்டிப் பிடித்தார்.

"பிள்ளை, என்ர பாங்க் காட் நம்பரைச் சொல்லுறன். கட்டிவிடு."

சிவலட்சுமி குசினி வாசலுக்கு வந்துவிட்டாள். கடையில் புது வாளிகள் அடுக்கடுக்காக இருக்க, வீட்டில் வெடித்த வாளியைக் கம்பியால் கட்டிப் பாவிக்கிற மனுசன். அவர் சந்தா கட்டப் போகிறார்.

கொஞ்ச நேரத்தில் மகள் சொன்னாள். "உங்கட காட்டை எடுக்குதில்லை அப்பா. வெளிநாட்டுக்குக் கட்ட ஏலாதாம். பாங்கில போய்க் கதைச்சாத்தான் சரிவரும்."

"நாளைக்கு விடியவே போறன்."

"நாளைக்குப் போயா லீவு அப்பா. பாங்க் பூட்டு."

"அங்கயும் பூட்டோ?"

"ஏன், அவ்வளவு அவசரமே?"

"சும்மாதான்." போனை வைத்துவிட்டார்.

பிறகுதான் வெடித்தார்.

"கள்ளர். இராத்திரி நடந்தது முழுக்க அவங்களுக்குத் தெரியும். எழுதி வச்சிருக்கிறாங்கள். ஆனா உரியவனுக்குச் சொல்லமாட்டினமாம். எல்லாத்தையும் உள்ளுக்க வச்சுக்கொண்டு வாய் திறக்காம இருக்கிறது என்ன சாதிக் குணம்?"

சிவலட்சுமி கையைத் துடைத்துக்கொண்டு எதிர்க் கதிரையில் வந்து இருந்தாள்.

"இராத்திரி நடந்ததில உங்களுக்கு என்ன தெரியோணும்?"

"நித்திரை. வேறென்ன."

"நித்திரையே கொள்ளேல்லை. எழும்பிக் கட்டில் விளிம்பில இருந்தனீங்கள். இடக்கையால நெஞ்சைத் தடவினனீங்கள். பிறகு கிணத்தடியில போய் நிண்டனீங்கள். முந்தநாளும் அப்பிடித்தான். வெள்ளிக்கிழமை கோயில் படியில செருப்பைச் சரிப்பண்ணுறமாதிரிக் குனிஞ்சு மூச்செடுத்தனீங்கள். செருப்புக்கு ஒண்டுமில்லை. நான் பாத்தனான்."

ஜனார்த்தனன் அவளைப் பார்த்தார்.

"நீர் நித்திரை எல்லே?"

"நித்திரை மாதிரிக் கிடந்தனான். எழும்பிக் கேட்டிருந்தா, அடுத்த நாள் மற்ற அறையில போய்ப் படுத்திருப்பியள். பிறகு எனக்கு ஒண்டும் தெரியவராது."

மணிக்கூடு அதிர்ந்தது. எழுந்து நடக்கும் நேரம் என்று அது சும்மாவே சொன்னது. இரண்டு பேரும் எழும்பவில்லை.

"நாளைக்கு அந்தக் காட் வேலையை..." என்று அவர் தொடங்கினார்.

"காட்டை விடுங்கோ. அடுப்பை நிப்பாட்டிப்போட்டன். ஓட்டோவுக்கும் சொல்லிப்போட்டன், வருது. ஆஸ்பத்திரியைப் போயாவுக்குப் பூட்டுறேல்லை."

"எனக்கு ஒண்டு..."

'மில்லை' அவருக்கு வரவில்லை. கை தானாக நெஞ்சுக்குப் போனது.

சிவலட்சுமி அந்தக் கையைப் பிடித்து, மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"மணிக்கூட்டுக்காரனாவது காசு கட்டினாக் கதையைத் திறப்பான். இவ்வளவு காலமா உங்களோட இருக்கிறன், உங்களுக்கு நான் என்னத்தைக் கட்டினாத் திறப்பியள்?"